மூளை வளர்த்த காக்கா

கல்முனையிலிருந்து தெற்கே போகும் இந்தக் கடலோரத்தில் ஆடு வளர்ப்பவர்கள் உண்டு, கோழி வளர்ப்பவர்கள் உண்டு, வீட்டுக்கு வீடு தாடி வளர்ப்பவர்களும் உண்டு. மூளை வளர்த்தவர் ஒரே ஒருவர்தான். வேளாவேளைக்கு அதற்குத் தீனி போட்டு, வெயில் படாமல் தொப்பிக்குள் வைத்துக் காத்து, நாலு பேர் கூடிய இடத்தில் அதை அவிழ்த்துவிட்டு வேடிக்கை காட்டியவர் அவர். வாப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்கிறது. அது தபால்காரருக்கே தெரியாது. ஊருக்கு அவர் மூளைக் காக்கா.

மூத்த சகோதரரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். உறவில்லாத பெரியவரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். இவர் கல்முனைக் கடைத்தெருவில் துணி விற்கும் பிடவைக்கடை வைத்திருந்தவர். மனைவி மௌத்தாகி அடக்கமான பிறகு கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டின் முன்னறையில் ஒதுங்கிக்கொண்டார். அந்த அறையில் ஓர் அலுமாரி. முன்பு அதில் அவர் இடுப்பில் கட்டும் சாரன்கள் இருந்தன. பிறகு சாரன்கள் கொடிக்கு வந்தன, அலுமாரியில் போத்தல்கள் குடியேறின. அத்தனையும் மூளைக்கு.

அவரோடு பழக வேண்டுமென்றால் முதலில் ஒரு சோதனை எழுத வேண்டும். சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஸலாம் சொன்ன கையோடு கேட்பார்: “நேத்துப் பகல் என்ன கறி?”

பதில் சட்டென்று வந்தால் தலையை ஆட்டி விட்டுவிடுவார். கொஞ்சம் தயங்கினால் முடிந்தது. நாக்கைத் தட்டி, நம் நெற்றியை உற்றுப் பார்த்து, கடை முழுவதற்கும் கேட்கும்படி “தேயுது” என்பார். எது தேய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அவரைத் தூரத்தில் கண்டதுமே சிலர் முதல் நாள் கறியை மனசுக்குள் பாடமாக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் அரசாங்கக் கந்தோரில் பேனா பிடித்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற பெருமை வேறு. இருந்தும் அந்தச் சோதனையில் நான் தேறிய நாட்கள் குறைவு. ஒரு நாள் ‘மீன்’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பப் பார்த்தேன். என்ன மீன் என்று கேட்டார். அதோடு தொலைந்தேன்.

தலையைத் தின்றால் தலைக்கு நல்லது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. மகள் வீட்டில் என்ன மீன் வாங்கினாலும் தலை அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் போகும். மீனுக்குத் தலை என்று ஒன்று இருப்பதையே அவருடைய பேரப்பிள்ளைகள் பாடப்புத்தகத்துப் படத்தில்தான் பார்த்தார்கள். காலையில் வல்லாரைக் கஞ்சி, பகலில் வல்லாரைச் சம்பல். அந்த வீட்டு வளவில் வல்லாரையைத் தவிர வேறு புல் முளைத்து நான் கண்டதில்லை. இதெல்லாம் உள்ளூர்த் தீனி. யாருக்கும் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை. வெளியூர்த் தீனி வந்த பிறகுதான் கதை மாறியது.

எங்கள் ஊரில் மக்காவுக்கு உம்ரா போய் வருகிறவர்கள் ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டு வந்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்யும் பிள்ளைகள் அத்தர், தொழுகை விரிப்பு என்று கொண்டு வருவார்கள். மூளைக் காக்காவுக்கு இது எதுவும் வேண்டாம். போகிறவர்களை வழியனுப்பும்போதே காதோடு காதாக, “மூளைச் சாமான் ஏதும் கண்டா எனக்கொரு போத்தல்” என்று சொல்லி அனுப்புவார். இப்படியாக மீனெண்ணெய் வந்தது. ஜின்கோ என்ற ஏதோ மரத்தின் இலைச் சத்து வந்தது. விற்றமின்கள் அகர வரிசை முழுக்க வந்தன. ஸம்ஸம் வந்த அதே பையில் வந்த பொருள் என்பதால் அவற்றுக்கும் ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டது. ஒரு குளிசையை அவர் நம் உள்ளங்கையில் வைத்தால் வலது கையால் வாங்கி, பிஸ்மி சொல்லி விழுங்குவோமே தவிர, இது என்ன, எதற்கு என்று கேட்க யாருக்கும் வாய் வராது.

இன்னொன்றும் இருந்தது. போத்தலில் எழுதியிருப்பது அரபு. எங்களில் பலருக்குச் சின்ன வயதிலேயே அரபு எழுத்தைக் கூட்டி ஓதத் தெரியும். பொருள்தான் தெரியாது. அந்தப் பலரில் நானும் ஒருவன். மூளைக் காக்காவோ எழுத்துக்கு எழுத்து உச்சரிப்புச் சுத்தமாக ஓதுகிறவர், குரலும் நல்ல குரல். குளிசை கொடுப்பதற்கு முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலின் மேற்பக்கத்திலிருந்து தொடங்குவார். நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு போத்தலை அவர் முடிக்கும்போது முன்னறையே அமைதியாகிவிடும். சிவப்பு எழுத்தில் ஒரு வரி உண்டு. சிவப்பில் போட்டிருக்கிறார்கள் என்றால் ஏதோ முக்கியம் என்று அதை மட்டும் இரண்டு தடவை உருக்கமாக ஓதுவார். எனக்கு மயிர் கூச்செறியும். “மாஷா அல்லாஹ்” என்று சொல்லி விழுங்குவேன்.

நான் அவருடைய நிரந்தர நோயாளி ஆன கதையை இனியும் மறைப்பதில் பயனில்லை. ஒரு நாள் கல்முனைச் சந்தைக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். சாமான் வாங்கினேன். வெளியே வந்து பார்த்தால் சைக்கிளைக் காணோம். பொலிசுக்குப் போனேன். இலக்கம் கேட்டார்கள், தெரியவில்லை. நிறம் கேட்டார்கள், கறுப்பு என்றேன். வேறு அடையாளம் கேட்டார்கள், இரண்டு சில்லு என்றேன். எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் பேனாவைக் கீழே வைத்தார். ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, இந்த ஊரில் கள்ளர் பெருத்துப்போனது பற்றி மனைவியிடம் ஓர் உரை நிகழ்த்தினேன். அது முடியுமுன்னே பேக்கரியிலிருந்து ஆள் வந்தான். சைக்கிள் அவர்களுடைய வாசலில் நிற்கிறதாம், பாண் வண்டியை எடுக்க வழியில்லையாம். சந்தைக்குப் போகுமுன் நான்தான் அங்கே நிறுத்தி, பாணும் வாங்கி, கைப்பிடியில் தொங்கவிட்டிருக்கிறேன். பாணைக் காகம் தின்றிருந்தது.

ஊர் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தேன். எங்கள் வாப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் குடை, பிறகு கடை, பிறகு நாங்கள். கடைசி நாட்களில் ஒரு பின்னேரம் என்னைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, “தம்பிக்கு எந்த ஊர்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு நாள் நானும் என் பிள்ளையிடம் கேட்டுவிடுவேனோ என்ற பயம்தான் எனக்கு இருக்கிற பெரிய பயம். அன்று மாலை மூளைக் காக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, யாரிடமும் சொல்லாத அதை அவரிடம் சொன்னேன். கண் கலங்கியும் விட்டது. அவர் எழுந்து போய் மூன்று போத்தலோடு திரும்பி வந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு நெஞ்சில் ஒரு சின்ன அடைப்பு வந்து, இரத்தம் கட்டியாகாமல் இருக்கத் தினமும் குளிசை குடிக்கிறேன். மாதாமாதம் கிளினிக். அங்கே ஒவ்வொரு முறையும் கேட்பார்கள், வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று. இல்லை என்பேன். அது பொய்யென்று எனக்குத் தோன்றவேயில்லை. மருந்து என்பது மருந்துக்கடையில் வாங்குவது. இது அன்பளிப்பு. பேரீச்சம்பழத்தைப் பற்றி டொக்டரிடம் சொல்வோமா?

இதற்கிடையில் காக்காவின் கால் மரக்கத் தொடங்கியது. ஒரு நாள் அசர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். பள்ளிவாசலிலிருந்து வெறுங்காலோடு சுடுமணலில் துள்ளித் துள்ளிப் போய், அவரை வழியில் பிடித்தேன். என்னுடைய செருப்பு ஒன்றும், யாரோ சின்னப் பையனுடையது ஒன்றுமாக மாட்டிக்கொண்டு நிதானமாக நடந்துகொண்டிருந்தார். குதிகால் பாதி வெளியே. அவருக்குத் தெரியவில்லை. காலில் உணர்ச்சியே குறைவாக இருக்கிறதே, டொக்டரிடம் காட்டலாமே என்றேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“தம்பி, ரத்தமெல்லாம் இப்ப மேல மூளைக்குப் போகுது. காலுக்கு எங்க மிச்சம்?”

இது எனக்கு நியாயமாகப் பட்டது. இத்தனைக்கும் நான் கல்லூரியில் விஞ்ஞானம் படித்தவன். அன்று இரவே எனக்கும் கால் மரக்கிறதா என்று கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. என் மூளைக்கு இன்னும் போதுமான தீனி போகவில்லை என்று கவலைப்பட்டேன்.

பிறகு அந்தப் பாரைத் தலை. விநாயகபுரத்துக் கடலில் பிடித்த பெரிய பாரை ஒன்றின் தலையைக் காக்கா வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார், இருவரும் பாதிப் பாதி தின்னலாம் என்று. மனைவி உறவுக்கார வீட்டுக்குப் போயிருந்தாள். தலையை நானே பிளக்கிறேன் என்று கிளம்பினேன். மீன் வெட்டத் தெரியாதவன் கத்தியை எடுத்தால் மீன் தப்பிக்கும். கத்தி வழுக்கி என் இடது உள்ளங்கையில் இறங்கியது. துணியைச் சுற்றினேன், நனைந்தது. கோப்பித் தூளை அள்ளி அப்பினோம், கோப்பித் தூளும் வழிந்து போனது. நேரம் போகப் போக எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த காக்காவின் முகத்திலோ ஒரு பிரகாசம்.

“பாத்தீங்களா தம்பி, நிக்காம ஓடுது. குளிசை வேல செய்யுது. இதே ஓட்டம்தான் மேலயும் ஓடும்.”

ஓர் ஆளின் இரத்தம் தரையில் ஓடுவதைப் பார்த்து அவனுடைய மூளைக்காகச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். அதைவிட வெட்கம், நானும் பலவீனமாகப் புன்னகைத்து “அல்ஹம்துலில்லாஹ்” என்றேன். அந்த நேரம் பார்த்து மனைவி வீட்டுக்குள் வந்தாள். குசினித் தரையைப் பார்த்தாள். ஓட்டோவைக் கூப்பிட்டாள். காக்காவும் கூடவே ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவளுடைய சேலைத் தலைப்பு முழுக்க என் கையில் சுற்றியிருந்தது.

டொக்டர் ஓர் இளம் பெண், திருக்கோவில் பக்கத்துப் பிள்ளை. தைத்துக்கொண்டே, என்னென்ன மருந்து எடுக்கிறேன் என்று கேட்டார். நெஞ்சுக் குளிசையைச் சொன்னேன். அவர் விடவில்லை. விற்றமின், சத்துத் தூள், நாட்டு மருந்து, வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வந்தது, எதுவானாலும் சொல்லுங்கள் என்றார். நான் யோசித்தேன். காக்கா யோசிக்கவில்லை. மடியில் செருகியிருந்த போத்தலைப் பெருமையோடு எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். கையை நெஞ்சில் வைத்து, முதல் வரியிலிருந்து ஓதத் தொடங்கினார்.

கட்டிலில் முனகிக்கொண்டிருந்த ஒருவர் முனகலை நிறுத்தினார். எதிர்ப் பக்கத்தில் ஒரு பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். சிவப்பு வரி வந்தது. இரண்டு தடவை ஓதினார். இதற்கு முன் அவ்வளவு உருக்கமாக ஓதி நான் கேட்டதில்லை. டொக்டர் ஊசியைக் கையில் பிடித்தபடி முடியும்வரை காத்திருந்தார். பிறகு போத்தலை வாங்கி மெல்லத் திருப்பினார். பின்பக்கத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அங்கேயும் ஒரு சிவப்பு வரி. அதில் விரலை வைத்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் இதைக் குடிக்கக்கூடாது.

நான் கூரையைப் பார்த்தேன். கந்தோரில் ஆங்கிலக் கடிதம் எழுதித்தான் நான் பெயர் வாங்கியவன். இத்தனை நாளும் இதே போத்தல் ஒன்று என் வீட்டு மேசையிலும் இருந்தது. ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

“இத நீங்க வாசிக்கலயா ஐயா?” என்று டொக்டர் காக்காவைக் கேட்டார்.

“வாசிச்சன் மகள்,” என்றார் காக்கா. “ஒவ்வொரு நாளும் வாசிச்சன்.”

டொக்டர் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. பொறுமையாக விளக்கினார். என் நெஞ்சுக் குளிசையே இரத்தம் உறைவதைக் குறைக்கும். அதோடு ஜின்கோவும், மீனெண்ணெயும், விற்றமின் ஈயும் கூட்டமாகச் சேர்ந்தால் இரத்தம் நிற்காமல் போகக்கூடும். வெட்டுப்பட்டது கையில், அதனால் கண்ணுக்குத் தெரிந்தது. இதே கசிவு வயிற்றுக்குள்ளோ தலைக்குள்ளோ நடந்திருந்தால் தெரிந்திருக்காது. இலையில் எடுத்தது, மீனில் எடுத்தது என்பதற்காக ஒரு பொருள் சாதுவாகிவிடாது. கோபத்தில் நெஞ்சுக் குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று எனக்குத் தனியாக எச்சரிக்கை. ஞாபகம் குறைகிறது என்று பயமிருந்தால் வந்து சொல்லுங்கள், இரத்தத்தில் பி பன்னிரண்டு, தைரொய்ட் எல்லாம் பார்க்கலாம், குறை இருந்தால் அதற்கு மருந்து இருக்கிறது என்றார். குறை இல்லாதவருக்கு மறதியைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய போத்தல் எதுவும் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். பிரஷரையும் சீனியையும் கட்டுப்படுத்துங்கள், தினமும் நடங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்றார்.

பிறகு அவர் பார்வை காக்காவின் காலுக்குப் போனது. அன்றும் செருப்பு ஜோடி மாறியிருந்தது. மறுநாள் காக்காவின் அலுமாரி முழுவதும் ஒரு பையில் ஆஸ்பத்திரிக்குப் போனது. அவற்றில் மூன்று போத்தலுக்கு மூன்று பெயர், மூன்று நிறம். உள்ளே மூன்றிலும் அதே விற்றமின் பி ஆறு. அது அளவுக்கு மீறினால் நரம்பைக் கெடுத்துக் காலை மரக்கச் செய்யுமாம். நிறுத்தச் சொன்னார்கள், நாளாக நாளாகக் குறையும் என்றார்கள். இரத்தம் மேலே போகவில்லை என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிய வந்தது.

என் மனைவி அவரிடம் ஒரேயொரு வசனம்தான் பேசினாள். “காக்கா, இனி போத்தலோட எங்கட வீட்டுப் பக்கம் வராதீங்க.” அவர் அதில் ‘வராதீங்க’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்கு வரவில்லை. தேத்தண்ணிக் கடைக்கும் வரவில்லை. பள்ளிவாசலில் பின் வரிசையில் தொழுதுவிட்டு, நான் ஸலாம் கொடுத்துத் திரும்புமுன் போய்விட்டிருப்பார். நன்றாகத்தான் இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, முதல் நாள் பகல் கறி எனக்குத் தானாகவே ஞாபகம் வந்தது. சூரை மீன், முருங்கைக்காய்ப் பால்கறி, சீனிச் சம்பல். ஒன்றும் விடுபடவில்லை. சொல்வதற்கு ஆளில்லை. அப்போதுதான் எனக்கு அவர் மேல் எவ்வளவு பாசம் என்று விளங்கியது. உள்ளங்கையில் தையல் போட்டது அவ்வளவு நோகவில்லை.

நேரே அவருடைய முன்னறைக்குப் போனேன். அலுமாரியில் மீண்டும் சாரன்கள் அடுக்கியிருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், பிறகு என் கையைப் பிடித்துத் தழும்பைப் பார்த்தார். ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

“எனக்கும் பயம்தான் தம்பி,” என்றார். “மகள்ர புள்ளைகள்ர பேரு இப்ப மாறி மாறி வருது. நான் ஒரு நாளைக்கு என்னயே மறந்து போனா, நான் ஆர் எண்டு சொல்ல ஒரு ஆள் வேணுமே. மகளுக்கு அவட வேல. ஒங்களத்தான் நம்பி இருந்தன். அதான் ஒங்கட மூளை நல்லா இரிக்கணும் எண்டு பாத்தன். கடைசில ஒங்களயே கொல்லப் பாத்துட்டன்.”

ஊரிலேயே சைக்கிளைத் தொலைப்பதில் பேர்போன ஒருவனைத் தன் ஞாபகத்துக்குக் காவல் வைக்க நினைத்திருக்கிறார் மனிதர். சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் வாங்க காக்கா, பெயர் மாறுவதை டொக்டரிடம் சொல்வோம், தனியாகப் போக எனக்கும் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

இப்போது நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் போகிறோம். கல்முனை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவருக்கு. அவருக்குப் பி பன்னிரண்டு குறைவாக இருந்ததைக் கண்டுபிடித்து ஊசி போடுகிறார்கள். பெயர்கள் மாறுவது நின்றுவிட்டதா என்றால், நான் சொல்ல மாட்டேன், அது அவருக்கும் டொக்டருக்கும் எனக்கும் உள்ள விஷயம். யாராவது உம்ராவிலிருந்து போத்தல் கொண்டு வந்தால் அதைத் திறக்காமல் பையில் போட்டு, டொக்டர் மேசையில் கொண்டுபோய் வைக்கிறார். டொக்டர் கண்ணைக் காட்டினால் மட்டும் ஓதிக் காட்டுகிறார்.

கிளினிக் நாளன்று காலையில், நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வாசலில் அவருடைய குரல் கேட்கும். “தம்பி, இண்டைக்குக் கிளினிக். மறந்திரிப்பீங்க.”

“அட, சுத்தமா மறந்துட்டன் காக்கா” என்பேன். அவர் முகம் மலர்ந்துபோகும். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அவரோடு கிளம்புவேன். திகதி எனக்குப் போன மாதத்திலிருந்தே ஞாபகம் இருக்கிறது.